தாய் பேசில்: கத்திரி வெயிலில் முதலில் வேகுவது இலையா, வேரா?

"தாய்லாந்து வெயில்ல வளர்ற செடிதானே, நம்ம ஊரு வெயிலுக்கு என்ன ஆகிடப் போகுது?" என்று நினைத்துத்தான் தை, மாசியில் நர்சரியிலிருந்து தாய் பேசில் வாங்கி வருகிறோம். ஊதாத் தண்டும் சோம்பு வாசனையுமாக பங்குனி வரை ஜோராக நிற்கிறது. சித்திரை பிறந்து இரண்டு வாரம் போனதும் இலை சுருங்கி, கீழ்த்தண்டு கருத்து, ஒருநாள் காலையில் குச்சி மட்டும் மிஞ்சுகிறது. இத்தனைக்கும் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தியிருப்போம்.

கேள்வி நியாயமானதுதான். தாய் பேசில் வெயிலை விரும்பும் செடி. தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் இருந்தால்தான் அதன் இலையில் வாசனை ஏறும். ஆனால் வயலில் இருக்கும் செடிக்கும் மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் செடிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வயல் செடியின் தலைதான் வெயிலில் இருக்கும், வேர் குளுமையில் இருக்கும். தொட்டிச் செடிக்கு வேரும் வெயிலில்தான். இதைப் புரிந்துகொண்டு தொட்டியின் சூட்டைக் குறைத்தால், மே மாதத்தைத் தாய் பேசில் தாண்டிவிடும்.

அதற்கு முன்னால், கையில் இருப்பது எந்தச் செடி என்று பார்த்துவிடலாம். இதில் குழப்பம் நிறைய.

துளசிக்குப் பங்காளி, திருநீற்றுப்பச்சைக்கு உடன்பிறப்பு

'தாய்' என்பது இங்கே தாய்லாந்தைக் குறிக்கிறது. தாய்ச்செடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாவரவியலில் இதன் பெயர் ஓசிமம் பேசிலிகம். நம்மூரில் திருநீற்றுப்பச்சை, திருநீற்றுப்பச்சிலை, உருத்திரச்சடை என்றெல்லாம் சொல்லும் செடியும் அதே இனம்தான். ஜிகர்தண்டாவிலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா விதை இந்த இனத்தின் விதை. ஆக, தாய் பேசில் நமக்கு முழு அந்நியம் இல்லை. திருநீற்றுப்பச்சையின் இன்னொரு ரகம் என்று சொன்னால் தப்பில்லை. இலை சற்றுக் குறுகலாக, விறைப்பாக இருக்கும். தண்டும் பூங்கொத்தும் ஊதா. கிள்ளி முகர்ந்தால் சோம்பும் அதிமதுரமும் கலந்த வாசனை. இத்தாலியச் சமையலில் வரும் ஸ்வீட் பேசிலும் இதே இனம்தான் என்றாலும் அதன் இலை அகலம், மென்மை. நம்மூர்க் கோடையில் தாய் பேசிலை விட அதுதான் சீக்கிரம் துவளும்.

தாய்லாந்துக்காரர்கள் மூன்று விதத் துளசிகளைச் சமைக்கிறார்கள். நாம் தாய் பேசில் என்பதை அவர்கள் 'ஹொரபா' என்பார்கள். 'மெங்லக்' என்பது எலுமிச்சை வாசனை கொண்டது. அதன் விதையையும் நம் சப்ஜா போலவே ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். மூன்றாவது 'கப்ராவ்'. அது வேறு எதுவும் இல்லை, நம் துளசிதான். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு மாலையாகவும், பக்தர்கள் கையில் தீர்த்தத்தோடும் சேரும் அதே ஓசிமம் டெனுஃபுளோரம், பாங்காக் தெருக்கடையில் மிளகாயோடும் இறைச்சியோடும் வாணலியில் விழுகிறது. ஊருக்கு ஊர் வழக்கம். சமையலுக்குச் செடி வாங்கும்போது மட்டும் இந்த வித்தியாசம் முக்கியம். கடையில் 'தாய் துளசி' என்று சீட்டு ஒட்டியிருந்தால் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். கிராம்பு போலக் காரமாக மணந்தால் அது துளசி. சோம்பு மணந்தால் நீங்கள் தேடி வந்தது.

வியட்நாமில் 'ஃபோ' என்ற நூடுல்ஸ் சூப்போடு தட்டு நிறைய வைக்கும் பச்சை இலைகளிலும் இது இருக்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோன் போய், பிறகு ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் வியட்நாம் சமையலையும் கூடவே கொண்டுவந்தன. புதுச்சேரியில் இன்றும் அந்தக் கைப்பக்குவம் இருக்கிறது. அதனால் இந்த வாசனை, தமிழ் அடுப்படிக்கு யூடியூப் பார்த்துத்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சப்ஜா விதையைப் போட்டால் தாய் பேசில் வருமா? விதை பழசாக இல்லாவிட்டால் முளைக்கும், செடியும் வரும். ஆனால் வருவது சப்ஜா ரகம். தாய் பேசிலின் சோம்பு மணம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாசனைதான் வேண்டும் என்றால் ரகம் தெரிந்த விதையோ, வளர்ந்த செடியிலிருந்து ஒரு கிளையோ வாங்குவது நல்லது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

காஞ்சிபுரம் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஊர். சென்னையில் மதியம் கடற்காற்று எழும்பிய பிறகும் இங்கே அது வந்து சேர நேரமாகும். வரும்போது வேகமும் குறைந்திருக்கும். மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திர நாட்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். அது நிழலில் அளக்கும் காற்றின் சூடு. வெயில் நேராக விழும் சிமெண்ட் தளத்தின் சூடு 50 டிகிரிக்கு மேல் போகும். மதியம் செருப்பில்லாமல் மாடிக்குப் போனவர்களுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை.

அந்தத் தளத்தின் மேல் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை வைத்தால் அடியிலிருந்து தளச் சூடு, பக்கத்திலிருந்து மேற்கு வெயில் என இரண்டு பக்கமும் அடி. தண்ணீரை உறிஞ்சும் நுனிவேர்கள் பெரும்பாலும் தொட்டியின் உள்சுவரை ஒட்டித்தான் ஓடும், அதாவது சூடு மிக அதிகமான இடத்தில். மண் 40 டிகிரியைத் தாண்டினால் அந்த வேர்கள் சேதமாகும். வேர் கெட்டதும் செடியால் தண்ணீர் எடுக்க முடியாது, இலை வாடும். நாம் என்ன செய்வோம்? வாடுதேன்னு இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவோம். சூடான ஈர மண்ணில், ஏற்கெனவே காயம்பட்ட வேர் அழுக ஆரம்பிக்கும். தண்ணீர் இல்லாமல் செத்த செடி என்று நாம் நினைப்பவற்றில் பல, இப்படி வெந்து அழுகிப் போனவைதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மதியம் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடியவில்லையா? வேருக்கும் அதே கதிதான்.

தறிக்குழி சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகளில் தறி ஏன் குழியில் இருக்கிறது என்று கேட்டால் பல காரணம் சொல்வார்கள். அதில் ஒன்று ஈரப்பதம். காற்று ரொம்ப உலர்ந்தால் பட்டு இழை அறும். தரைக்குக் கீழே குளுமையும் ஈரமும் கொஞ்சம் நிலைக்கும். தொட்டிச் செடிக்கும் இதே கணக்குதான். வீட்டில் முற்றமோ, கிணற்றடியோ, பின்கட்டோ இருந்து, அங்கே காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழுமானால், மே மாதத்தில் மொட்டை மாடியை விட அதுவே சிறந்த இடம். ஆறு மணி நேரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கத்திரி வெயிலின் நாலு மணி நேரமே மார்கழியின் ஒரு முழு நாளுக்குச் சமம் என்பேன்.

மாடிதான் ஒரே வழி என்றால் செய்ய வேண்டியவை சில உண்டு. தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்காதீர்கள். நாலு செங்கல் அடுக்கியோ, இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். அடியில் காற்று போனாலே பாதி வேலை முடிந்தது. கீழ் வீட்டில் தறி இருந்தால் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. தொட்டிக்கு அடியில் எப்போதும் ஈரம் தேங்கி நின்றால் தளம் ஊறும், ஒழுகும். கீழே பாவின் மேல் ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் விழுந்தால் நஷ்டம் செடியின் விலையோடு நிற்காது.

அடுத்து, தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் வயிற்றில் விழட்டும். மேற்கு ஓரத்தில் கற்றாழை மாதிரி தாங்கும் செடிகளை நிறுத்தலாம். தனித்தொட்டி என்றால் வெள்ளைத் துணியோ சாக்கோ சுற்றிக் கட்டலாம். சாக்கை நனைத்து வைத்தால் இன்னும் குளுமை. என்னைக் கேட்டால், செலவில்லாத சிறந்த வழி தொட்டிக்குள் தொட்டி. பெரிய மண்தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி, இடைவெளியில் மணலோ தேங்காய் நாரோ நிரப்பி, அந்த இடைவெளிக்கும் தண்ணீர் விடுவது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே இதுவும் குளிரும்.

பச்சை நிழல் வலை போடுவதாக இருந்தால் 50 சதவீத நிழல் தருவது போதும். 75, 90 என்று போனால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து, வாசனையும் குறையும். வலையைச் செடியின் தலைக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டுங்கள். காலை வெயில் சாய்வாக உள்ளே வரட்டும், பதினோரு மணிக்கு மேல் வலை மறைக்கட்டும்.

தொட்டி, மண்

ஒரு செடிக்குப் பத்து அங்குலத் தொட்டி குறைந்தபட்சம். பன்னிரண்டு அங்குலம் இருந்தால் நிம்மதி. சின்னத் தொட்டி அழகாக இருக்கும். மே மாதத்தில் அரை நாளில் காய்ந்தும் போகும். மண்தொட்டி கனம், விலையும் கூட, ஆனால் சுவர் வழியே ஈரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். பைதான் வசதி என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள்.

தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய பை மாடிகளில் சாதாரணக் காட்சியாகிவிட்டது. எடை குறைவு, ஈரம் பிடிக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். கட்டியை வாளியில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை ரெண்டு மூன்று தடவை கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு. கெட்டியாகத் தெரிந்தால் கொஞ்சம் மணல். வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி. வெறும் நார்க்கழிவில் மட்டும் கோடையைக் கடத்த வேண்டாம். ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரைச் சுலபமாகத் திரும்ப உறிஞ்சாது. மேலே ஊற்றுவது ஓரமாக வழிந்து அடியில் போய்விடும், உள்ளே வேர் காய்ந்தபடியே இருக்கும்.

மேல்மண்ணை மூடுவதை மட்டும் மறக்காதீர்கள். காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தேங்காய் நார், எதுவானாலும் இரண்டு அங்குலம். தண்டை ஒட்டாமல் ஒரு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள்.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீர்?

காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுவது நல்லது. தொட்டியின் அடித்துளையில் கசியும் வரை, மெதுவாக. பத்து அங்குலத் தொட்டிக்குக் கோடையில் சுமார் ஒரு லிட்டர் ஆகும். மாலையில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்; உலர்ந்திருந்தால் மட்டும் இன்னொரு முறை. ஹோஸ் பைப்பில் ஊற்றுபவர்கள் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த பைப்புக்குள்ளே இருப்பது வெந்நீர். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரும் மாலை வரை அப்படித்தான் இருக்கும். வாளியில் பிடித்து நிழலில் வைத்து ஆறவிடலாம்.

மதியம் ஒரு மணிக்கு இலை தொங்குகிறதே என்று பதற வேண்டாம். உறிஞ்சுவதைவிட அதிகமாக ஆவியாகும் நேரம் அது. மண் ஈரமாக இருந்தால் செடி பொழுது சாய எழுந்துவிடும். மாலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் பிரச்சினை. அப்போது முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள், பிறகு சொம்பை எடுங்கள்.

கோடையில் வீட்டுத் தண்ணீருக்கே கணக்குப் பார்க்கும் தெருக்களில் செடிக்கு எங்கே போவது? அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்புச் செறிவு அதிகம். அவசரத்துக்கு ஒருநாள் சரி, தினமும் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீர் கெட்டிலில் வெள்ளைப் படிவம் விடும் ரகமா? அப்படியானால் தொட்டி விளிம்பிலும் அதே வெள்ளை படியும், இலை ஓரம் கருகும். மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பை அடியோடு கழுவிவிட வேண்டும்.

இந்த ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. பட்டு நூலின் பசை நீக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரும், சாயம் போட்ட தண்ணீரும் எந்தத் தொட்டிக்கும் ஆகாது. 'ஆறின பிறகு ஊத்தினா என்ன?' என்று கேட்கக் கூடாது. இது பூச்செடி இல்லை, இலையைப் பறித்துச் சாப்பிடப் போகிறோம்.

வைகாசியில் வரதர் கோயில் பிரம்மோற்சவம், சித்திரையில் சொந்த ஊர்ப் பயணம் என்று வீடு பூட்டிக் கிடக்கும் நாட்கள் வரும். இரண்டு மூன்று நாளைக்குத் திரி முறை கைகொடுக்கும். வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை விடச் சற்று உயரத்தில் நிழலில் வைத்து, தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனை வாளியின் அடியிலும் மறுமுனை மண்ணுக்குள் மூன்று அங்குலமும் இருக்கும்படி விட வேண்டும். கயிற்றை முதலில் முழுசாக நனைத்துவிடுங்கள். பட்டு நூல் வேண்டாம், விளக்குத் திரி ஜாதியே போதும். வாளியை மூடி வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டே குளம்.

பூவைக் கிள்ளுவதில் கருணை கூடாது

சூடு ஏற ஏற தாய் பேசில் பூக்க அவசரப்படும். ஊதாப் பூங்கொத்து பார்க்க அழகு. ஆனால் பூத்து விதை வைக்கத் தொடங்கினால் செடிக்கு அதுதான் வேலை. புது இலை குறையும், தண்டு மரமாகும், இலை கசக்கும். மொட்டு தெரிந்த அன்றே, அதற்குக் கீழே இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும், அவற்றைக் கிள்ளினால் நான்கு. நாற்று ஆறு அங்குலம் வந்ததுமே முதல் கிள்ளல். வாரம் ஒருமுறை பறிப்பதே போதுமான கவாத்து. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கத்திரி வெயிலில் மொட்டையடித்த செடி மீள்வது சிரமம்.

உரம் அளவோடு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், அல்லது லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், முகர்ந்தால் ஒன்றும் இருக்காது.

உலர்ந்த வெயிலில் வரும் முதல் விருந்தாளி சிவப்புச் சிலந்திப் பேன். இலையில் ஊசி குத்தினாற்போல் வெளுத்த புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. துளசி இனத்தையே தேடி வரும் ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியும் உண்டு. சாறு உறிஞ்சி இலையைச் சுருட்டி வெளுக்க வைக்கும், அடியில் கறுப்புப் புள்ளியாகக் கழிவு விடும். காலையில் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பாதி போய்விடும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்கு நாலு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. தெளித்த பிறகு சில நாள் விட்டுக் கழுவிப் பறிக்கலாம். தறி இருக்கும் வீட்டில் தெளிப்பதென்றால் செடியை வெளியே தள்ளி எடுத்துப் போய்த் தெளியுங்கள். எண்ணெய்த் துளி பட்டில் பட்டால் கறைதான்.

பறித்த பிறகு

காலையில் பறித்த இலைக்குத்தான் வாசனை அதிகம். ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே கறுத்துவிடும்; பத்து டிகிரிக்குக் கீழே இந்த இலை தாங்காது. கிளையோடு வெட்டி, டம்ளர் தண்ணீரில் பூங்கொத்து மாதிரி அடுப்படி ஓரத்தில் வையுங்கள், நாலைந்து நாள் நிற்கும். சமைக்கும்போது இறக்குவதற்கு அரை நிமிடம் முன்னால் போட்டால் போதும். தேங்காய்ப்பால் சேர்ந்த எந்தக் குழம்புக்கும் பொருந்தும். எலுமிச்சைச் சர்பத்தில் சப்ஜா விதையோடு நாலு இலை கசக்கிப் போட்டால் கோடைக்கு அருமை. ரசத்தில் மட்டும் வேண்டாம். சோம்பு வாசனை வந்து மிளகு, சீரகத்தோடு சண்டை போடும்.

டம்ளரில் நிற்கும் அந்தக் கிளையே ஒன்றரை, இரண்டு வாரத்தில் வேர் விடும். அதைத் தொட்டிக்கு மாற்றலாம். விதை எடுத்து வைக்க விரும்புகிறவர்கள் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். பக்கத்து மாடியில் திருநீற்றுப்பச்சையோ ஸ்வீட் பேசிலோ பூத்திருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும், அடுத்த தலைமுறையில் சோம்பு வாசனை வருமா என்பது அதிர்ஷ்டம். கிளை வெட்டி வைத்தால் தாயும் பிள்ளையும் ஒரே மணம். கோடை தாண்டிய செடியில் ஆடி மாதம் பென்சில் நீளத்துக்கு நாலு கிளை வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிவிடும்.